திருப்பிப் போட்ட காப்பு

சென்ற ஆயுத பூஜையோடு நான் பட்டறை வேலையிலிருந்து நின்றுகொண்டேன். ஆனாலும் அங்கிருந்து அடிக்கடி போன் வந்துவிடுகிறது. அரக்கு எங்கே வைத்திருக்கிறேன், அந்தச் சின்ன உளியை எந்தக் கல்லில் தீட்டுவது என்று ஏதாவது ஒன்று கேட்பார்கள். போன வாரம் கூப்பிட்டவள் கவிதா. போனில் ஆர்டர் எடுக்கிற வேலை இப்போது அவளுடையது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் படம் அனுப்பிக் கத்தி கேட்கிறார்கள்.

"சரசக்கா, ஒரு சந்தேகம். யாரு கத்தி கேட்டாலும் மொதல்ல வலக்கையா இடக்கையான்னு கேக்கணும்னு இங்கன சுவத்துல எழுதிப் போட்டிருக்கு. நேத்து ஒரு ஆளு, 'கத்திதானம்மா கேட்டேன், பொண்ணா கேட்டேன், இம்புட்டு விசாரிக்கிய'ன்னு சிரிக்காரு. இது யாரு வச்ச சட்டம்?"

"மேஸ்திரி வச்சது."

"எதுக்கு வச்சாரு?"

போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அதை மட்டும் தனியாகச் சொன்னால் விளங்காது, கொஞ்சம் முன்னாலிருந்தே வர வேண்டும் என்று தெரிந்தது.

கத்தியில் அலகும் பிடியும் எல்லோருக்கும் தெரியும். அவை இரண்டும் சேருகிற இடத்தில் குறுக்கே நிற்கிற பித்தளைத் துண்டைத்தான் நாங்கள் காப்பு என்போம். வீட்டில் வெங்காயம் நறுக்குகிற கத்திக்கு அது வேண்டியதில்லை. கறிக்கடையில் எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கிற கத்திக்குக் கட்டாயம் வேண்டும். கொழுப்புப் பட்ட கை வழுக்கும். குத்தித் தள்ளும்போது முனை எலும்பில் முட்டி நின்றுவிட்டால் கத்திதான் நிற்கும், கை நிற்காது. முன்னால் வழுக்கிக்கொண்டு போகிற விரலைத் தாங்கிப் பிடிக்கத்தான் காப்பு. அடியில் ஆள்காட்டி விரலுக்கு ஒரு தடுப்பு. பக்கவாட்டில் கட்டைவிரலை ஊன்றிக்கொள்ளச் சின்னதாக ஒரு இறக்கை. அந்த இறக்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற எல்லாம் அதைப் பற்றியதுதான்.

நான் முதலில் தீப்பெட்டி ஆபீசில் இருந்தவள். கோவில்பட்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து என் பெரியம்மா மகன் சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட சமயம் பார்த்து முகூர்த்த மாதம் வந்தது. அவர் வீட்டில் விளையாட்டாக உளி பிடித்துப் பழகியிருந்த என்னைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவர் கை சரியான பிறகும் கடைக்காரர் என்னை எழுப்பவில்லை. குடம், தாம்பாளம், குத்துவிளக்கு என்று எத்தனையோ வீட்டுப் பெண்களின் பேரை வெட்டினேன். பிறகு கரண்டில் ஓடும் பேனா வந்தது. அது வந்த வருஷமே பட்டறை அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தார். பேனா வேண்டாம், உளியால் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"தகட்டுல இப்பிடி வெட்டுதியே, கட்டிப் பித்தளையில வெட்டுவியாம்மா?"

"வெட்டிப் பாத்தாத்தான் தெரியும் அண்ணாச்சி," என்றேன்.

அப்படித்தான் எட்டயபுரம் ரோட்டில் இருந்த அவருடைய கத்திப் பட்டறைக்குப் போனேன். தீப்பெட்டிக் குச்சி அறுக்கிற மெஷின்களுக்கு அலகு செய்து கொடுத்துக்கொண்டிருந்த பட்டறை அது. அந்த வேலை குறைந்த பிறகு கறிக்கடைக்கும் ஓட்டல்களுக்கும் கத்தி செய்யத் தொடங்கியிருந்தார்கள். உலையில் அலகு அடிக்க ஒருவர், பிடி செதுக்க ஒருவர். காப்பை வெட்டி, அரத்தால் ராவி, அலகோடு சேர்த்து, அதில் பேரோ பூவோ கேட்டால் வெட்டிக் கொடுப்பது என் வேலை. எல்லோருக்கும் மேலே குருசாமி மேஸ்திரி.

மேஸ்திரி ஒல்லியான மனிதர். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். அவருடைய வலது ஆள்காட்டி விரல் மடங்காது. பேசும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் பார்ப்பவர்கள் தங்களைத்தான் சுட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். அது எப்படி ஆயிற்று என்று அவர் சொன்னதில்லை. காப்பு இல்லாத கத்தியால் வந்தது என்று உலைக்காரர் சொல்லித் தெரியும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முடிந்த கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் வாங்க மாட்டார். மேசையில் வைக்கச் சொல்வார். அவரும் யார் கையிலும் கத்தியைக் கொடுக்க மாட்டார், மேசையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, காப்பும் அலகும் சேருகிற கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் கையை முக்கி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கத்தியைப் பிடித்து வாழைமரத் துண்டில் ஓங்கிக் குத்துவார். கை எங்கே போய் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கக் கூடாது, கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார். சரியாக இருந்தால் மேசையின் வலது ஓரத்தில் வைப்பார். இல்லையென்றால் இடது ஓரம். அவ்வளவுதான் அவருடைய பாராட்டும் கண்டிப்பும்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு காப்பில் முல்லைக்கொடி வெட்டியிருந்தேன். பாத்திரக்கடைக் கை அல்லவா, பூவை முதலில் வெட்டிவிட்டுப் பொருத்துகிற வேலையைப் பிறகு பார்த்தேன். மேஸ்திரி அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு இடது ஓரத்தில் வைத்தார்.

"பூ நல்லாருக்கு சரசு. வெளிச்சம் வருதே."

எனக்குத் தெரியவில்லை. மறுபடி பிடித்துக் காட்டினார். காப்புக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம்.

"வெளிச்சம் போற வழியில நாளைக்குத் தண்ணி போவும். ரத்தம் போவும். உள்ளுக்குள்ளேயே வால் துருப்புடிச்சு, ஒருநாள் பிடி மட்டும் கையோட வந்துரும். அன்னைக்கு இந்தப் பூவ யாரு பாக்கப்போறா?"

வால் என்று அவர் சொன்னது, அலகின் பின்னால் ஒடுங்கி நீண்டு, காப்பின் துளை வழியாகப் பிடிக்குள் போகிற பகுதியை. அன்றைக்குப் பிறகு நான் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் விளக்குக் கரியை வாலில் தடவிக் காப்பை மாட்டிக் கழற்றுவேன். துளையில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே முட்டுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மாட்டல். துளை முழுக்க ஒரே மாதிரி கரி ஒட்டுகிற வரைக்கும் உளியைத் தொட மாட்டேன். பொருந்திய பிறகுதான் காப்பை அரக்கில் பதித்துப் பேர் வெட்டுவது. அதற்கும் பிறகு ஈயம் ஊற்றிப் பற்றவைப்பது. கடைசியில் பிடி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வேலையில், மேஸ்திரியும் நானும் ஒரு காப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது ஒரே ஒரு தடவைதான்.

ஆடி மாதம். எங்கள் பக்கத்து ஆடிக்காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கரிசல் புழுதி ஈயத்தில் விழாமல் இருக்கக் கதவைச் சாத்திவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். கதவைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். நாகலாபுரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். அந்த அம்மாள் மஞ்சள் பையிலிருந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். காப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வெட்டியதுதான். கருப்பசாமி என்று காப்பின் முன்முகத்தில், அதாவது அலகுப் பக்கம் பார்த்து, வாங்க வருகிறவருக்குத் தெரிகிற பக்கத்தில், பேர் இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், கறிக்கடை போடப்போகிறேன் என்று வந்து ஆசையாகச் செய்துகொண்டு போன கத்தி. தீட்டித் தீட்டி அலகு புளியங்காய் அளவுக்கு ஒடுங்கியிருந்தது.

"அவிய மாசியில தவறிட்டாவ," என்றாள் அந்த அம்மாள் மேஸ்திரியிடம். அவள் பெயர் பேச்சியம்மாள். "கடைய இனி இவதான் பாக்கா. எம் மக, செல்வி. புது அலகு போட்டுக் குடுங்க அண்ணாச்சி. காப்பு மட்டும் இதேதான் இருக்கணும்."

செல்விக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அம்மா பேசும்போது அவள் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

புதுக் கத்தி யாருக்கோ அவர் கையைப் பார்க்காமல் மேஸ்திரி அளவு சொல்ல மாட்டார். முனை மட்டும் இருந்து இன்னும் கூர் போடாத ஒரு கத்தியை மேசையில் வைத்தார்.

"புடிச்சுக் காட்டு தாயி."

செல்வியின் இடது கை முன்னால் வந்தது. பேச்சியம்மாள் லேசாகச் செருமினாள். இடது கை பின்னால் போய், வலது கை கத்தியை எடுத்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். "ரெண்டு கையும் காட்டும்மா," என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். கட்டுப் போட்ட கட்டைவிரல் புதுக் காயம். அதைவிட என் கண்ணில் பட்டது இடது ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் இருந்த பழைய காய்ப்பு. பித்தளை இறக்கை உரசி உரசி வந்த காய்ப்பு. வலது கைக்காரருக்குக் கட்டைவிரல் கத்தியின் இடது பக்கம் படியும், அதனால் இறக்கை இடது பக்கம் இருக்கும். அதே கத்தியை இடது கையில் பிடித்தால் கட்டைவிரலுக்கு ஊன்ற இடமில்லை. இறக்கை விரல்கணுவில் வந்து இடிக்கும்.

"அப்பா கத்திய நீ எடக்கையில நெறைய நாள் புடிச்சிருக்க," என்றார் மேஸ்திரி.

செல்வி அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"பொறந்ததுலேருந்து பீச்சக்கைதான் அண்ணாச்சி. அவிய இருக்கையில இவ தட்டிக்குப் பின்னால உக்காந்து எலும்பு பிரிச்சுக் குடுப்பா. முன்னால நின்னு வெட்டிக் குடுக்கது அவிய. ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப இவளே முன்னால நிக்கணும்லா. சாமிக்குப் படைக்க வாங்குதான், மறுவீட்டு விருந்துக்கு வாங்குதான். பீச்சக்கையால வெட்டுன கறின்னு ஒருத்தன் மூஞ்சியச் சுளிச்சாப் போதும், நாலு பேரு அடுத்த கடைக்குப் போயிருவான். அதான் வலது கையில பழகுன்னு சொல்லியிருக்கேன். பழகுதா."

"பழகுனதுல வந்த காயமா இது?" என்று நான் கேட்டேன்.

"கொஞ்சம் வழுக்கி, கறியப் புடிச்ச கையில பட்டுட்டு," என்றாள் செல்வி. அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மேஸ்திரி எழுந்துபோய் விளக்குக் கரியை எடுத்துவந்தார். கூர் போடாத அந்தக் கத்தியின் அலகு முழுக்கக் கரியைத் தடவினார். செல்வியின் வலது உள்ளங்கையில் நல்லெண்ணெயை ஊற்றி, "கடையில எப்பிடி எலும்புல குத்துவியோ அப்பிடியே குத்து," என்று வாழைமரத் துண்டைக் காட்டினார். துண்டுக்குள் ஒரு கட்டையைச் செருகி வைத்திருந்தார், முனை முட்டுவதற்கு.

அவள் குத்தினாள். வேகம் இருந்தது, பிடி இல்லை. முனை கட்டையில் முட்டிக் கத்தி ஒருபக்கமாகத் திருகியது. கை அதைத் தாண்டி முன்னால் போய்விட்டது. அவள் கையை எடுத்தபோது கட்டைவிரலில் குறுக்காக, கணுவிலிருந்து நகத்துக்குக் கீழே வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு.

"தங்கச்சி, இத நீங்க பாத்துக்கிடுங்க," என்றார் மேஸ்திரி பேச்சியம்மாளிடம். "கூரு போட்டிருந்தா இது கரியா இருக்காது."

பிறகு, இன்னும் பற்றவைக்காமல் இருந்த வேறொரு காப்பையும், அதேபோலக் கூர் போடாத ஒரு அலகையும் எடுத்தார். காப்பின் முன்முகம் பின்னால் வருகிற மாதிரி அதைத் திருப்பி வாலில் மாட்டி, ஒரு மரச்சக்கையை அடித்து இறுக்கினார். இடது பக்கம் இருந்த இறக்கை வலது பக்கம் வந்துவிட்டது. தற்காலிகமாக ஒரு பிடியை மாட்டி, அலகில் கரி தடவி மேசையில் வைத்தார். செல்வியின் இடது கையில் எண்ணெய் ஊற்றினார். இந்தத் தடவை முனை கட்டையில் முட்டியபோது கத்தியும் கையும் ஒன்றாக நின்றன. அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். ஒரு பொட்டுக் கரி இல்லை.

பேச்சியம்மாள் மகளின் வலது கையை இழுத்து அந்தக் கறுப்புக் கோட்டைச் சேலை முந்தியால் துடைக்க ஆரம்பித்தாள். எண்ணெயில் குழைந்த கரி லேசில் போகாது. ரொம்ப நேரம் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அப்ப எடக்கைக்கே போடுங்க அண்ணாச்சி. வாரது வரட்டும்," என்றாள்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் செல்வி தன் அப்பாவின் கத்தியை எடுத்து, காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதத் திருப்பிப் போட்டா அய்யா பேரு எங்கன வரும்?"

"உள்ள போவும்," என்றார் மேஸ்திரி. "பிடிக்கட்டையோட ஒட்டிக்கிடும்."

"வெளிய தெரியாதா?"

"தெரியாது தாயி."

"அப்ப வேண்டாம். இப்ப இருக்கபடியே போடுங்க. நான் வலது கையில பழகிக்கிடுதேன்."

அம்மா வலது கையை விட்டுக்கொடுத்த இடத்தில் மகள் வந்து நின்றுகொண்டாள். மேஸ்திரி நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். புதுக் காப்பு ஒன்று இடது கைக்கென்றே செய்து அதில் அதே பேரை வெட்டலாம் என்றார். செல்வி தலையை ஆட்டினாள். அய்யா கை பட்டது அது இல்லையே என்றாள். இறக்கையை மட்டும் அறுத்து மறுபக்கம் பற்றவைக்க முடியாதா என்று கேட்டாள். முடியும், ஆனால் கட்டைவிரல் கொடுக்கிற அழுத்தத்துக்கு ஒட்டுப்போட்ட இறக்கை ஒருநாள் பெயர்ந்துவிடும், அந்த வேலையை நான் செய்ய மாட்டேன் என்றார் அவர்.

அம்மாவும் மகளும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு போனேன். காற்றில் பேச்சியம்மாளின் சேலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அய்யா பேரு தெரியாட்டா அது அய்யா கத்தியே இல்லம்மா," என்றாள் செல்வி. "அந்தப் பேரப் பாத்துத்தான் இம்புட்டு நாளும் கறி வாங்குனாவ."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "திருப்பிப் போட்டா இப்ப பின்னால இருக்க முகம் முன்னால வந்துருமே. அங்கன வெறும் பித்தளைதான இருக்கு. அதே பேர அந்தப் பக்கமும் நான் வெட்டித் தாரேன். உள்ளயும் இருக்கும், வெளியயும் இருக்கும்."

செல்வியின் முகம் தெளிந்தது. சரியென்று சொல்ல வாயெடுத்தாள். பேச்சியம்மாள் செம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரே பேரு ரெண்டு தடவ எதுக்கு? முன்னால இவ பேர வெட்டுங்க."

"எம்மா, சும்மா இரி," என்றாள் செல்வி.

"நீ சும்மா இருட்டி. அவிய பேரு ஒங் கைக்குள்ள கெடக்கட்டும், அது ஒனக்கு. வாரவனுக்கு யாருட்ட கறி வாங்குதோம்னு தெரியணும்லா? நாளைக்கு ஒருத்தன் கை சரியில்லம்பான், இன்னொருத்தன் பொம்பளப் புள்ளன்னு சொல்லுவான். கருப்பசாமி பேர வச்சுக்கிட்டு அவன்ட்ட என்ன பேசப்போற? அவிய செத்துப்போயாச்சு. கடையில நிக்கது நீ."

செல்வி வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "எந்த எழுத்துல வெட்டுவிய?" என்று கேட்டாள்.

"ஒங்க அய்யாவுக்கு வெட்டுன அதே எழுத்துலதான்," என்றேன்.

சொல்வது சுலபம். பிடியை உடைத்து எடுத்து, அலகின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, ஈயம் இளகுகிற அளவுக்கு மட்டும் சூடு காட்டிக் காப்பைக் கழற்றினோம். கழற்றிப் பார்த்தால் பித்தளை நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. கொழுப்பும் உப்பும் அரித்ததோடு, அவர் வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்துத் தேய்ந்ததும் சேர்ந்துகொண்டது. ஒரு முகத்தில் ஆழமாக வெட்டிய பேர் இருக்கிறது. அதற்கு நேர் பின்முகத்தில் நான் உளியை வைத்து அடிக்க வேண்டும். அடியில் தாங்கல் சரியில்லையென்றால் நான் மேலே வெட்டுகிற ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே உள்ள எழுத்து நசுங்கும். அல்லது எழுத்தும் எழுத்தும் நேருக்கு நேர் வருகிற இடத்தில் பித்தளை விரிசல் விட்டுவிடும்.

உலைக்காரர் புது அலகை அடித்து முடிக்கிற வரைக்கும் நான் அந்தக் காப்பைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டே இருந்தேன். பழைய பேரைத் தடவிப் பார்த்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று பின்முகத்தில் பென்சிலால் குறித்தேன். செல்வி என்ற பேர் சின்னது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. பழைய எழுத்துகளின் ஆழமான கோடுகளுக்கு நேர் பின்னால் புதுக்கோடு விழாதபடி கொஞ்சம் மேலேற்றி இடம் பார்த்தேன். அந்த இடம் மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. பேர் நடுவில் இல்லையே என்றார். நடுவில் வைத்தால் உடையும் என்று பென்சில் குறியைக் காட்டினேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, "செரி," என்றார்.

வால் விஷயத்திலும் வேலை இருந்தது. பழைய துளை தேய்ந்து அகன்றிருந்ததால் உலைக்காரரிடம் வாலைத் தடிப்பாக அடிக்கச் சொல்லி, கரி தடவித் தடவி வாலைத்தான் ராவினேன். காப்பில் அரம் வைக்க மனம் வரவில்லை. அதில் ராவிக் குறைக்க அதிகம் மிச்சமில்லை.

பேர் வெட்டுகிற அன்று பழைய எழுத்துகளுக்குள் சுண்ணாம்புப் பொடியைத் தூவி ஊதிவிட்டேன், அரக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அரக்கை இளக்கி, பழைய பேர் கீழே வருமாறு காப்பை அழுத்திப் பதித்து, முழுக்க ஆறும்வரை தொடவில்லை. அரக்கு அந்த எழுத்துகளின் பள்ளம் ஒவ்வொன்றிலும் போய் நிறைந்து இறுக வேண்டும். எங்காவது காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் தாங்காது. கதவிடுக்கில் வந்த காற்று ஒருபக்கத்தைச் சீக்கிரம் ஆற்றிவிடும் என்று மேஸ்திரி சாக்கைக் கொண்டுவந்து இடுக்கை அடைத்தார். பிறகு அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வழக்கமாக நான் ஒரு கோட்டை நாலைந்து அடியில் இழுத்துவிடுவேன். அன்றைக்குச் சுத்தியலை ஓங்கவே இல்லை, உளியின் தலையில் தட்டிக்கொண்டே போனேன். ஒரு கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவி ஆழப்படுத்தினேன். ல் மேல் புள்ளியைக் குத்தித்தான் வைக்க வேண்டும். அதற்கு மட்டும் பயந்தேன். குத்தாமல், உளிமுனையை வைத்துக் கையாலேயே திருகித் திருகிக் குடைந்தேன். பக்கத்தில் மேஸ்திரி மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 

அரக்கைச் சூடுகாட்டிக் காப்பை எடுத்து, துடைத்து, திருப்பிப் பார்த்தேன். கருப்பசாமி அப்படியே இருந்தார். மேஸ்திரி மடங்காத அந்த விரலால் முதலில் ஒரு பக்கத்தைத் தடவினார், பிறகு மறுபக்கத்தை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

ஈயம் ஊற்றி அலகோடு பற்றவைத்தேன். பிடிக்குப் புளியங்கட்டை தயாராக இருந்தது. மாட்டிவிடலாம் என்று எடுத்தபோது மேஸ்திரி தடுத்தார்.

"இரு. அவிய வரட்டும். இத மாட்டிட்டா அப்புறம் அந்தப் பேர யாரும் பாக்க முடியாது."

சொல்லி அனுப்பியதும் அவர்கள் வந்தார்கள். பிடி இல்லாத கத்தியை மேஸ்திரி மேசையில் வைத்தார். பேச்சியம்மாள் கணவர் பேரின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள், குழந்தை நெற்றியில் திருநீற்றைப் பூசிவிடுகிற மாதிரி. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முன்பக்கம் திருப்பி மகளின் பேரைப் பார்த்து, "எழுத்து மேல ஏறியிருக்கே," என்றாள்.

"கீழ அவருக்கு எடம் விட்டிருக்கு," என்றார் மேஸ்திரி. எனக்கு அப்படிச் சொல்ல வராது.

"பிடிய நீயே மாட்டு தாயி," என்று கட்டையைச் செல்வியின் முன்னால் வைத்தார். அவள் வாலைக் கட்டையின் துளைக்குள் செருகி மெதுவாகத் தள்ளினாள். பேர் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே தள்ளினாள். மறைந்ததும் இடது கையால் பிடியை இறுக்கிப் பிடித்து, கட்டைவிரலை இறக்கையில் ஊன்றிப் பார்த்தாள். கடைசி வேலைகளை நான் முடித்துக் கொடுத்தேன். எண்ணெய்ச் சோதனையை மேஸ்திரி அவளையே செய்யச் சொன்னார்.

அதற்குப் பிறகு கத்தி கேட்டு யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான் ஆனது. வலக்கையா, இடக்கையா. அவர் தன் மகனோடு தூத்துக்குடிக்குப் போகும்போது அதைச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கவிதாவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் நான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அடுத்த தை மாதம், என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு பால்காய்ப்புக்காக நாகலாபுரம் போனோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்க என்னை அனுப்பினார்கள். செல்வியின் கடை எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் கறிக்கடை எங்கே என்று கேட்டேன். அவர் காட்டிய கடையில் அவள்தான் நின்றாள். பேச்சியம்மாள் தராசுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் கடைசியில் போய் நின்றுகொண்டேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை.

தொடையை இடது கையால் அவள் பிரித்த வேகத்தைப் பார்த்தேன். எங்கே கணு இருக்கிறது என்று கண் தேடவே இல்லை. வெட்டி முடித்துக் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு, பொட்டலத்தை வலது கையால் கொடுத்தாள். வாங்கியவர்கள் எல்லோரும் பழகினவர்கள் போலத் தெரிந்தது.

எனக்கு முன்னால் நின்றவர் வெளியூர்க்காரர், பெரியவர். கையில் பெரிய தூக்குவாளி வைத்திருந்தார். செல்வி கத்தியை எடுத்ததும் அவர் குனிந்து பேச்சியம்மாளிடம் மெல்லச் சொன்னார்:

"ஆத்தா, சாமி காரியத்துக்கு வாங்குதேன். அந்தப் புள்ளய வலது கையால வெட்டச் சொல்லுங்க."

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடை அவளுது. அவட்டயே சொல்லுங்கய்யா."

அவர் நிமிர்ந்தார். செல்விக்கு எல்லாம் கேட்டிருந்தது. கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை, கையை மாற்றவும் இல்லை. கறியின் மேல் கையை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்துக் காத்திருந்தாள். கோபமோ பயமோ அவள் முகத்தில் இல்லை. எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.  பெரியவரின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, கத்தியின் காப்பில் வந்து நின்றது. உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார்.

"செல்விங்கது நீதானா?"

"ஆமாய்யா."

அவர் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கொஞ்ச நேரம் கறியைப் பார்த்தார்.

"செரி செல்வி," என்றார். "எலும்பு கொறச்சுப் போடு."